வள்ளத்துக்கு இன்சூரன்ஸ்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இனயம் கடப்புறத்தில் ஒருவர் பைபர் வள்ளம் வாங்கப் போகிறார் என்றால் நாலு பேர் கூடி நாலு கேள்வி கேட்பார்கள். எத்தனை அடி நீளம், எந்த யார்டில் கட்டியது, எஞ்சின் என்ன, எத்தனை சீசன் ஓடியது. இன்சூரன்ஸ் பற்றிய பேச்சு கடைசியில்தான் வரும். வந்தாலும் “வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்?” என்பதோடு முடிந்துவிடும்.

அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி வேறு: இந்த வள்ளம் எங்கே வைத்து, எப்படி உடையும்? எந்த மீனுக்கு எந்த வலை என்று அறிந்தவர் வலைக்கடையில் ஏமாறமாட்டார். தன் வள்ளத்துக்கு எங்கே ஆபத்து என்று அறிந்தவர் இன்சூரன்ஸ் அலுவலகத்திலும் ஏமாறமாட்டார்.

வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய ஒரு தம்பியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன். சொந்தமாக ஒரு சின்ன வள்ளம் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சில நாள் தூண்டில் போடலாம். ஓய்வு நாளில் வீட்டாரை ஏற்றிக்கொண்டு தேங்காப்பட்டணம் பொழிமுகம் வரை ஒரு சுற்றுப் போகலாம். அவருக்குப் பொருந்துவதில் பெரும்பகுதி தொழிலுக்குப் போகிறவர்களுக்கும் பொருந்தும். சாயா சொல்லிவிட்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் நாட்டில் கடல்சார் இன்சூரன்ஸுக்கு அடிப்படை 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம். அது பிரிட்டனின் 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. துறைமுகத்தில் நின்று, துறைமுகத்துக்கே திரும்பும் பெரிய கப்பல்கள்தான் அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் கண்முன் இருந்தன. நம் வள்ளமோ தினமும் மணலிலிருந்து அலைக்குள் இறங்கி, அலையேறி மணலுக்குத் திரும்புவது. பாலிசித் தாளில் இருக்கும் கடலுக்கும் நம் கடலுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. இன்சூரன்ஸ் தேர்ந்தெடுப்பது என்றால் அந்த இடைவெளியை அடைப்பதுதான்.

ஆனால் வள்ளத்துக்கு முன்னால் ஆள்.

“வள்ளத்தப் பத்திக் கேட்டா ஆளப் பத்திச் சொல்லுதீங்களே அண்ணே?”

சொல்லத்தான் வேண்டும் தம்பி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று நமக்கு மேற்கே உள்ள ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கு ஆள் திரும்பவில்லை, உடலும் திரும்பவில்லை. அப்போதுதான் சட்டத்தின் ஒரு கடுமையான முகம் நம் பெண்களுக்குத் தெரிந்தது. கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவு, காணாமல் போன கப்பலைப் பற்றி நியாயமான காலம் வரை செய்தி இல்லையென்றால் அது முழுதாக அழிந்ததாகக் கொள்ளலாம் என்கிறது. காணாமல் போன ஆளுக்குக் கணக்கு வேறு. அவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் செய்தி இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாக அனுமானிக்க முடியும். பழைய சாட்சியச் சட்டம் சொன்னதும் இதுதான். 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டம் சொல்வதும் இதுதான். ஒரே வள்ளம், ஒரே புயல். வள்ளம் போனதைச் சட்டம் சீக்கிரம் நம்புகிறது. அதில் இருந்த ஆள் போனதை நம்ப ஏழு வருஷம் கேட்கிறது.

ஒக்கிக்குப் பிறகு அந்த ஏழு வருஷம் காத்திருக்காமல் குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்க அரசு முன்வந்தது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் பலன் அது. ஆனால் அது அந்தப் பேரிடருக்கான நிவாரணம். ஒற்றை வள்ளம் கவிழ்ந்து ஒரே ஒருவர் காணாமல் போகும் சாதாரண நாளில் அப்படி ஓர் ஆணை வரும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். விபத்தில் இறந்தால் 2 லட்சம். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த இருபது ரூபாய் இல்லாமல் போனதால் காப்பு அறுந்துவிடக் கூடாது. பதிவு செய்த மீனவர்களுக்கு 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குழு விபத்துக் காப்பீடு உண்டு. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், விபத்தால் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 25,000 ரூபாய் வரை. பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டிவிடுகின்றன. மீன்வளத்துறைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்வது மட்டுமே உங்கள் வேலை.

இதில் கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. கடலில் மாரடைப்பு வந்து இறந்தால் அது விபத்துக் கணக்கில் வராது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் பணம் தரும் ஆயுள் காப்பீடு தனியே வேண்டும். ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் தரும் ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம். இன்னொன்று, பொழுதுபோக்குக்காக வள்ளம் ஓட்டும் நம் தம்பி மீனவராகப் பதிவு செய்யாதவர் என்றால் மீனவர் குழுக் காப்பீடு அவருக்குக் கிடைக்காது. அவர் தனிநபர் விபத்துப் பாலிசி எடுக்க வேண்டும். கடலில் சொந்தப் படகில் நேரும் விபத்தும் அதில் அடங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கூடவே செலவில்லாத ஒரு வழக்கத்தையும் பழகிக்கொள்ளுங்கள். இறங்கும் முன் யார் யார் வள்ளத்தில் இருக்கிறார்கள் என்று எழுதி வீட்டிலோ சங்கத்திலோ கொடுத்துவிட்டுப் போங்கள். ஆள் திரும்பாத நாளில் அந்தத் துண்டுக் காகிதம் குடும்பத்தின் கையில் பெரிய சாட்சி.

இப்போது வள்ளத்துக்கு வருவோம். அது ஒரு நாளில் எங்கெல்லாம் இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் எந்தக் காப்பு தேவை என்பது தானாகத் தெரியும்.

முதலில் மணல். நம் ஊரில் வள்ளம் கடலில் இருக்கும் நேரத்தைவிடக் கரையில் கிடக்கும் நேரம் அதிகம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது குளச்சலிலும் மணக்குடியிலும் கரையில் கிடந்த கட்டுமரங்களும் வள்ளங்களுமே நொறுங்கின. ஆனி ஆடியில் கடல் ஏறிக் கரையைத் தின்னும்போதும் அடி வாங்குவது கரையில் இருக்கும் வள்ளம்தான். ஆகவே பாலிசியில் தேட வேண்டிய முதல் வரி இது: மிதக்கும்போது மட்டுமா, கரையில் இருக்கும்போதும் காப்பு உண்டா? தீ, திருட்டு, கடலேற்றம், சுனாமி ஆகியவை பெயர் சொல்லி இருக்கின்றனவா? இழுத்து ஏற்றும்போதும் இறக்கும்போதும் நேரும் சேதம் சேருமா? ஆண்டில் சில மாதம் மட்டும் கடலில் இறக்குவேன் என்று சொல்லிப் பிரீமியத்தைக் குறைக்கலாம். ஆனால் அந்த மாதங்களுக்கு வெளியே ஒரு நாள் இறக்கினாலும் அன்றைக்குக் காப்பு இல்லை.

அடுத்தது அலை. இனயம் துறையில் அதிகம் நடப்பது முழு அழிவு அல்ல, பாதிச் சேதம். திரும்பி வரும்போது அலை திருப்பிப்போடும். தூண்டில் வளைவுக் கல்லில் மோதி அடிப்பகுதி கிழியும். இன்சூரன்ஸில் இரண்டு வகை இருப்பதை இங்கேதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று முழு இழப்புக்கு மட்டுமான பாலிசி. வள்ளம் கண்காணாமல் போனாலோ, செப்பனிடும் செலவு அதன் மதிப்பைத் தாண்டினாலோதான் பணம் வரும். இரண்டாவது, பகுதிச் சேதத்துக்கும் தரும் பாலிசி. முன்னதற்குப் பிரீமியம் குறைவு என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். கல்லில் மோதிக் கிழிந்த வள்ளத்தைச் சரிசெய்ய அறுபதாயிரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு இழப்புப் பாலிசி அதற்கு ஒரு ரூபாயும் தராது.

“அப்போ விலை கூடினதுதான் எடுக்கணுமா?”

நடுவழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சேதத்திலும் முதல் இவ்வளவு ரூபாயை நான் ஏற்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும் தொகை ஒன்று பாலிசியில் உண்டு. எக்ஸஸ் என்பார்கள். அதைக் கொஞ்சம் உயர்த்தினால் பிரீமியம் குறையும். ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்ச் சேதத்தை நாமே தாங்கலாம். நம்மை முடக்குவது அறுபதாயிரம், ஒரு லட்சம். ஆகவே பகுதிச் சேதத்துக்கும் காப்புள்ள பாலிசியை எடுத்து, எக்ஸஸை நம்மால் தாங்கக்கூடிய அளவுக்கு உயர்த்துவது நம் கரைக்குப் பொருத்தமானது என்பேன். ஓடித் தேய்ந்து மதிப்புக் குறைந்துவிட்ட பழைய வள்ளத்துக்கு மட்டும் முழு இழப்புப் பாலிசி போதும்.

மூன்றாவது எஞ்சின். சின்ன வள்ளத்தில் அவுட்போர்டு எஞ்சினுக்கே பாதிப் பணம் போய்விடும். அதில்தான் பாலிசியின் விலக்குகளும் அதிகம். உலகம் முழுக்க உல்லாசப் படகுப் பாலிசிகளுக்கு முன்மாதிரியாக இருப்பவை லண்டனில் 1985-இல் வகுத்த யாட் விதிகள். அவற்றில் அவுட்போர்டு எஞ்சின் கழன்று கடலில் விழுந்தால் காப்பு இல்லை. திருடு போனாலும், பூட்டிப் பிணைத்திருந்தால்தான் காப்பு. இங்கே விற்கும் பாலிசியிலும் இதே பொருளில் வரி இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினின் மாடலும் சீரியல் எண்ணும் அட்டவணையில் தனியாக ஏற வேண்டும். உப்பு அரித்துக் கெட்டுப்போவதும் தேய்மானமும் எந்தப் பாலிசியிலும் வராது. அது பராமரிப்புச் செலவு. எஞ்சினுக்கு ஒரு சங்கிலி போடுங்கள். சங்கிலியின் விலை அதிகமில்லை, அது இல்லாததால் மறுக்கப்படும் தொகைதான் பெரியது.

வலையையும் தூண்டிலையும் பற்றி ஒரு வரி. அதே லண்டன் விதிகளில் மீன்பிடி சாமான்கள் விலக்கப்பட்டிருக்கின்றன. வலைக்குக் காப்பு வேண்டும் என்றால் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

நான்காவது கடல். பாலிசியில் எல்லை எழுதியிருக்கும். கரையிலிருந்து இத்தனை கடல் மைல், இன்ன ஊர் முதல் இன்ன ஊர் வரை. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நீங்கள் உண்மையில் எவ்வளவு தூரம் போவீர்களோ அதைச் சொல்லி எழுதி வாங்குங்கள். எல்லை தாண்டி வேறு நாட்டார் பிடித்து வள்ளத்தைப் பறித்துக்கொண்டால் சாதாரணப் பாலிசி பணம் தராது. பறிமுதலும் சிறைபிடிப்பும் போர் விலக்குக்குள் அடங்கிவிடும். நடுக்கடலில் எஞ்சின் நின்று இன்னொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தால் அந்தச் செலவு கிடைக்குமா என்றும் கேளுங்கள். பாலிசியில் வரும் ஆபத்திலிருந்து வள்ளத்தைக் காப்பாற்ற நாம் செய்யும் நியாயமான செலவைக் கம்பெனி தர வேண்டும் என்பது கடல்சார் காப்பீட்டில் பழைய கொள்கை. ஆனால் வெறுமனே எஞ்சின் பழுது என்றால் அதில் சேராமல் போகலாம்.

ஐந்தாவது, மற்றவர்கள். தேங்காப்பட்டணம் துறைமுக வாயில் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்பது இந்தக் கரைக்கே தெரியும். அந்த நெருக்கத்தில் உங்கள் வள்ளம் இன்னொருவரின் வள்ளத்தில் மோதலாம், வலையைக் கிழிக்கலாம், ஒருவரைக் காயப்படுத்தலாம். அந்த நஷ்டத்தைத் தருவது மூன்றாம் நபர் பொறுப்புக் காப்பு. நம் வள்ளத்துக்கு நேரும் சேதத்துக்கு ஓர் உச்சம் உண்டு, வள்ளத்தின் விலைதான் அது. மற்றவர்க்கு நேரும் சேதத்துக்கு உச்சம் கிடையாது. இந்தக் காப்பைக் கழித்துப் பிரீமியத்தைக் குறைக்க வேண்டாம்.

வீட்டாரை ஏற்றிப் போகும் தம்பிக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகை மாற்றிப் பயணிகளை ஏற்றியிருந்தார்கள், அதுவும் அளவுக்கு மீறி. மீன்பிடி என்று எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு காசு வாங்கி ஆள் ஏற்றினால் அந்தப் பாலிசி உங்களுக்குத் துணை நிற்காது. பொழிமுகம் தாண்டிக் குழித்துறை ஆற்றுக்குள் எஞ்சின் வள்ளம் ஓட்டுகிறவர்கள் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். உள்நாட்டு நீர்வழியில் ஓடும் எந்திரக் கலங்களுக்கு அந்தச் சட்டம் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இனி தொகை. எவ்வளவுக்கு இன்சூர் செய்வது? வள்ளமும் எஞ்சினும் சேர்ந்து 4 லட்சம் பெறும், பிரீமியத்தைக் குறைக்க 2 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சத்துக்குச் சேதம் வந்தால் ஒரு லட்சம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். ஐம்பதாயிரம்தான் கிடைக்கும். பாதி மதிப்புக்கு எடுத்தவர் மீதிப் பாதிக்குத் தானே இன்சூரன்ஸ்காரர் என்பது சட்டம். இதைத் தவிர்க்க, மதிப்பை இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியைக் கேளுங்கள். மோசடி இல்லாதவரை அந்த மதிப்பைப் பிறகு கம்பெனி மாற்றிப் பேச முடியாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது அந்த மதிப்பையும் சரிபாருங்கள்.

விண்ணப்பத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். கடல்சார் காப்பீடு முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். வள்ளத்தின் வயது, முன்பு நடந்த விபத்து, வேறு கம்பெனி மறுத்தது எதையும் மறைக்கக் கூடாது. ஏஜென்ட் நிரப்பித் தந்தாலும் கையெழுத்து உங்களுடையது. ‘வாரண்டி’ என்று தலைப்பிட்ட வரிகளை இரண்டு தடவை படியுங்கள். கடையில் பொருளோடு தரும் வாரண்டி அல்ல இது. நாம் கம்பெனிக்குக் கொடுக்கும் வாக்கு. லைஃப் ஜாக்கெட் இருக்கும், உரிமம் உள்ளவர்தான் ஓட்டுவார், வானிலை எச்சரிக்கை இருந்தால் இறங்கமாட்டோம் என்றெல்லாம் இருக்கலாம். சட்டப்படி அந்த வாக்கை அச்சுப் பிசகாமல் காக்க வேண்டும். காக்க முடியாத வாக்கு இருந்தால் கையெழுத்துக்கு முன்பே நீக்கச் சொல்லுங்கள்.

“சேதம் வந்தா முதல்ல என்ன செய்யணும்?”

உயிரைப் பார்க்க வேண்டும். கடலோரக் காவல் போலீசுக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. பிறகு அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல், குளச்சல் கடலோரக் காவல் நிலையத்தில் புகார், மீன்வளத்துறைக்கு மனு. போட்டோ எடுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் செப்பனிட வேண்டாம். ஆனால் இன்னும் கெடாமல் மேலேற்றி வைப்பது உங்கள் கடமை. பில், பதிவுச் சான்று, எஞ்சின் எண் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டாருக்கும் அனுப்பி வையுங்கள். வள்ளத்தோடு காகிதமும் நனைந்து போனால் பேச முடியாது. கடன் வாங்கி வாங்கிய வள்ளம் என்றால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும், பணம் முதலில் அங்கே போகும்.

நியாயமில்லாமல் மறுத்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் வரை அவர் உத்தரவிட முடியும்.

இவ்வளவையும் கேட்டபின் தம்பிக்கு நான் சொல்லும் முடிவு இதுதான். முதல் பணம் ஆளுக்கு. அடுத்தது மூன்றாம் நபர் பொறுப்புக்கு. அதன்பின் கரையிலும் அலையிலும் நேரும் பகுதிச் சேதத்தைத் தாங்கும் வள்ளப் பாலிசிக்கு, எஞ்சினைப் பெயர் சொல்லிச் சேர்த்து. பிரீமியம் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்த பிறகே காப்புத் தொடங்கும், ஏஜென்டின் வாக்கில் தொடங்காது. ஆகவே ஜூன் பிறந்து கடல் சீறும் முன், மே மாதத்திலேயே பாலிசித் தாளைக் கையில் வாங்கிவிடுங்கள். வாங்கியதை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து, ‘எவையெல்லாம் காப்பில் வராது’ என்ற பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் இனயம் கரையின் ஆபத்து ஒன்று இருந்தால், வள்ளத்தை இறக்கும் முன் அதைத் திருத்தி வாங்குங்கள்.